முழுக் கடிதத்தையும் படியுங்கள்: அமெரிக்கத் தலைவர்களின் வீட்டுக் கடிதங்கள் பற்றி ஓர் இழை

செம்பருத்தி

மார்ச் மாதம் வந்தால் போதும், அபிகெய்ல் ஆடம்ஸின் ஒரு வரி எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றத் தொடங்கிவிடுகிறது. புதிதாகச் சட்டம் எழுதும்போது பெண்களையும் நினைவில் வையுங்கள் என்று, பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாம் ஜனாதிபதியான கணவர் ஜான் ஆடம்ஸுக்கு 1776 மார்ச் 31 அன்று எழுதினாரே, அந்த வரிதான். அது வந்த கடிதத்தை யாரும் பகிர்வதில்லை. அதற்காகத்தான் இந்த இழை.

கடிதம் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? நான் எழுதுவதில் பாதி நீளமாவது நீங்களும் எழுதக்கூடாதா என்ற குறையோடு. அப்புறம் வர்ஜீனியாவின் பாதுகாப்பைப் பற்றி விசாரிக்கிறார். அடுத்தவர் சுதந்திரத்தைப் பறித்தே பழகியவர்களுக்குச் சுதந்திர வேட்கை நம் அளவுக்கு இருக்குமா என்று கேட்கிறார். அடிமைகளை வைத்திருக்கும் வர்ஜீனியா கனவான்கள் அப்போது ஜானோடு பிலடெல்பியாவில், காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸ் அவையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இந்தக் கேள்வி.

அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான், மார்ச் 17 அன்று, விடுதலைப் போரில் பிரிட்டிஷ் படை பாஸ்டனை விட்டுப் போயிருந்தது. நம் பாஸ்டன் வீட்டில் ஒரு ரெஜிமெண்ட் டாக்டர் தங்கியிருந்திருக்கிறார், ஒரே அழுக்கு, வேறு சேதமில்லை, விட்டுவைத்த சில்லறைச் சாமான்கள் எல்லாம் போய்விட்டன என்று கணக்குச் சொல்கிறார். ஒரு மாதத்துக்கு முன் ஒரு ஷில்லிங்குக்குக்கூட மதிக்காத சொத்து இப்போது புதிதாகக் கிடைத்த மாதிரி இருக்கிறதாம். பெரியம்மை பயத்தால் நகரத்துக்குள் போகத் தயக்கம். போன மாதம் வரை, விதைத்தால் நாம்தான் அறுப்போமா என்றே தெரியாமல் இருந்ததையும் சொல்கிறார்.

இவ்வளவுக்கும் பிறகுதான் அந்தப் பெண்கள் பத்தி. அதுவும் 'சரி, போகிற போக்கில் ஒன்று சொல்கிறேன்' என்கிற தொனியில். பின்னர் ஏப்ரல் 5 அன்று அதே கடிதத்தைத் தொடர்கிறார். பக்கத்து வீட்டில் தொண்டைக் காய்ச்சலில் ஒரே வாரத்தில் இரண்டு பிள்ளைகள் இறந்துவிட்டார்கள். வெடிமருந்துக்கு வெடியுப்பு காய்ச்சுகிறாயா என்று ஜான் கேட்டிருந்தார் போல. இன்னும் இல்லை, சோப்பு காய்ச்சி முடித்துவிட்டு முயன்று பார்க்கிறேன் என்று பதில். குடும்பத்துக்குத் துணி நெய்யவே நேரம் சரியாக இருக்கிறதாம்.

வீட்டையும் நிலத்தையும் பிள்ளைகளையும் ஒற்றை ஆளாகக் கட்டிக் காக்கிறவர், கணவனின் கைக்கு எதேச்சதிகாரத்தைக் கொடுக்காதீர்கள் என்கிறார். அந்தப் பேச்சின் பலம் மேலும் கீழும் இருக்கிற பத்திகளில்தான் இருக்கிறது. அதை வெட்டி எடுத்தால் வெறும் வாசகமாகிவிடுகிறது.

நீங்கள் படித்தவற்றையும் எழுதுங்கள். ஆடம்ஸ் வீடு மட்டும்தான் என்றில்லை.

தெற்குவாசல்

நல்ல தொடக்கம், தோழி. ஆனால் பதில் கடிதத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஏப்ரல் 14 அன்று ஜான் எழுதுகிறார்: உன் சட்டத்தைப் படித்துச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. நம் போராட்டத்தால் பிள்ளைகள், வேலை பழகுகிற பையன்கள், கல்லூரி மாணவர்கள், செவ்விந்தியர்கள், கறுப்பர்கள் எல்லோரும் அடங்க மறுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். எல்லோரையும்விட எண்ணிக்கையிலும் பலத்திலும் பெரிய இன்னொரு கூட்டமும் கிளம்பிவிட்டது என்பதற்கு உன் கடிதம்தான் முதல் அறிகுறி. எங்கள் ஆண் ஆட்சி பெயருக்குத்தான், உண்மையில் நாங்கள்தான் உங்கள் குடிமக்கள்.

எனக்கு இதில் கோபம்தான் வருகிறது. நாட்டின் அரசியலமைப்பையே யோசித்துக்கொண்டிருந்த மனிதர், அவருக்கு வந்ததிலேயே கூர்மையான கேள்வியைச் சிரிப்பால் மூடிவிட்டார். மே 7 அன்று அபிகெய்ல் திருப்பி எழுதினார்: உலகத்துக்கெல்லாம் சமாதானமும் விடுதலையும் அறிவிக்கிறீர்கள், மனைவிகள் மேல் மட்டும் முழு அதிகாரத்தை விடமாட்டேன் என்கிறீர்கள், இதைப் பெருந்தன்மை என்று சொல்ல என்னால் முடியாது.

பழுப்புத்தாள்

தெற்குவாசல், கோபம் நியாயமானதே. அதோடு இன்னொரு கடிதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே 1776 மே 26 அன்று ஜேம்ஸ் சல்லிவன் என்ற மாசசூசெட்ஸ் வழக்கறிஞருக்கு ஜான் எழுதியது. சொத்து இல்லாதவர்களுக்கும் வாக்குரிமை தரலாமா என்பது பேச்சு.

அதில் ஜான் சிரிக்கவே இல்லை. ஆளப்படுகிறவர்களின் ஒப்புதல்தான் ஆட்சிக்கு அடிப்படை என்றால், பெண்களை எந்த நியாயத்தில் விலக்குகிறோம் என்று அவரே கேள்வி கேட்டுக்கொள்கிறார். சொத்துத் தகுதியைத் தளர்த்தினால் இதற்கு முடிவே இருக்காது, பெண்கள் வாக்குக் கேட்பார்கள், பன்னிரண்டு வயதிலிருந்து இருபத்தொன்று வரையுள்ள பையன்கள் கேட்பார்கள், கையில் காலணா இல்லாதவனும் கேட்பான், ஆகவே தொடாமல் விடுவதே நல்லது என்று முடிக்கிறார்.

முடிவு நமக்குப் பிடிக்காது. ஆனால் வீட்டிலிருந்து வந்த கேள்வி அவர் தலைக்குள்ளேயே இருந்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன். மனைவிக்குச் சிரிப்பு, ஆறு வாரம் கழித்து நண்பருக்குத் தர்க்கம். பேச்சும் தீர்மானமும் மட்டும் மிஞ்சியிருந்தால் இது நமக்குத் தெரியவே வந்திருக்காது.

ஆற்றங்கரை_78

ஒரு சந்தேகம். போர் நடக்கும்போது இவ்வளவு வெளிப்படையாக எப்படி எழுதினார்கள்? கடிதம் எதிரி கையில் சிக்காதா?

பழுப்புத்தாள்

சிக்கியிருக்கிறது, பெரிய வம்பும் ஆகியிருக்கிறது. 1775 ஜூலை 24 அன்று ஜான் எழுதிய இரண்டு கடிதங்களை பெஞ்சமின் ஹிச்போர்ன் என்ற இளம் வழக்கறிஞர் எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒன்று அபிகெய்லுக்கு, மற்றது நண்பர் ஜேம்ஸ் வாரனுக்கு. நரகான்செட் விரிகுடாவில் படகோடு பிரிட்டிஷ் கடற்படை பிடித்துக்கொண்டது. ஆகஸ்டில் பாஸ்டன் பத்திரிகையில் அச்சாகிவிட்டது. வாரனுக்கு எழுதியதில், சமரசம் பேசிக்கொண்டிருந்த ஜான் டிக்கின்சனை, பெயர் சொல்லாமல், பெரிய சொத்தும் சின்ன மூளையும் உள்ளவர் என்று எழுதியிருந்தார். யாரைச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

செப்டம்பர் 16 அன்று பிலடெல்பியா செஸ்ட்நட் தெருவில் இருவரும் எதிரெதிரே வந்தார்கள். ஜான் தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கினார். டிக்கின்சன் தலையையோ கையையோ தொப்பியையோ அசைக்காமல் போய்விட்டார். ஜான் இதைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

அதனால் பெரும்பாலும் தெரிந்தவர் கையில்தான் கொடுத்தனுப்புவார்கள். தனி உறை கிடையாது. நம் பழைய இன்லேண்ட் லெட்டர் போல, எழுதிய தாளையே மடித்து, வெளிப்பக்கம் முகவரி எழுதி, அரக்கு வைத்துவிடுவார்கள். புனைபெயரும் உண்டு. காதலித்த நாளில் ஜான் லைசாண்டர், அபிகெய்ல் டயானா. பிறகு அபிகெய்ல் 'போர்ஷியா' என்று கையெழுத்திட ஆரம்பித்தார்.

இரவல்நூல்

காதலித்த நாள் என்றதும் நினைவு வருகிறது. 1764-இல், கல்யாணத்துக்கு ஆறு மாதம் முன்னால், ஜான் பாஸ்டனில் அம்மை குத்திக்கொண்டு தனியாக அடைபட்டுக் கிடந்தார். அப்போது அவர் எழுதும் கடிதங்களைப் புகை காட்டிய பிறகுதான் வேமத் என்ற ஊரில் அபிகெய்ல் கையில் கொடுப்பார்கள், நோய் தொற்றிவிடாமல் இருக்க. பிரிந்திருந்து எழுதும் பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது. இருவருக்கும் இடையில் ஆயிரத்து நூறுக்கு மேல் கடிதங்கள் இன்று இருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது குண்டூசிக் கடிதம். 1775 ஜூன் நடுவில் அபிகெய்ல் எழுதியது. ஏழரை ஷில்லிங்குக்கு வாங்கின குண்டூசிக் கட்டு இப்போது இருபது ஷில்லிங், அதற்கும் கிடைக்கவில்லை, பிலடெல்பியாவில் ஒரு கட்டு வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வாருங்கள் என்கிறார். ஓரிரு நாளில், ஜூன் 18 அன்று, அடுத்த கடிதம். பங்கர் ஹில் சண்டை, சார்ல்ஸ்டவுன் எரிந்து சாம்பல், குடும்ப நண்பர் டாக்டர் ஜோசப் வாரன் செத்துப்போனார். பீரங்கிச் சத்தத்தில் சாப்பிடவோ தூங்கவோ முடியவில்லை. ஏழு வயது மகன் ஜான் குவின்சியோடு பென்ஸ் குன்றின் மேலிருந்து அந்தச் சண்டையைப் பார்த்தவர் அவர். குண்டூசியும் பங்கர் ஹில்லும் ஒரே வாரத்துக் கவலைகள். போர் வரலாறு எழுதுகிறவர்கள் குண்டூசியை விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றுகிறது.

மலைமேடு

எல்லோரும் ஆடம்ஸ் வீட்டிலேயே நிற்கிறீர்கள். மற்ற வீடுகளில் என்ன ஆனது என்று பார்த்தால்தான் இந்த வீட்டின் அருமை தெரியும்.

வாஷிங்டன் 1799 டிசம்பரில் இறந்தார். மார்த்தா 1802-இல் இறப்பதற்கு முன், தங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களை எரித்துவிட்டார். நாற்பது வருஷ தாம்பத்தியம். தப்பியவை மிகச் சில. அவற்றில் இரண்டு அவருடைய எழுதுமேசையில் பிறகு பேத்தியிடம் கிடைத்தன. 1775 ஜூன் 18 தேதியிட்ட ஒன்றில், படைத்தலைமை என் மேல் வந்து விழுந்துவிட்டது, நான் தேடிப் போகவில்லை, உன்னைத் தனியாக விட்டுப் போகிற கவலைதான் பெரிது என்று மனைவிக்குச் சொல்கிறார். உயில் எழுத ஏற்பாடு செய்துவிட்டேன் என்றும் அதே கடிதத்தில் தெரிவிக்கிறார். ஐந்து நாள் கழித்து, ஊரை விட்டுக் கிளம்பும் கடைசி நிமிஷத்தில் இன்னொன்று. இந்த இரண்டில் தெரிகிற வாஷிங்டன் டாலர் நோட்டு முகத்தோடு ஒட்டவே மாட்டேன் என்கிறார்.

மூன்றாம் ஜனாதிபதி ஜெஃபர்சன் வாழ்நாளில் எழுதிய கடிதங்கள் ஏறத்தாழ 19,000. ஒரே நேரத்தில் இரண்டு பேனாக்கள் எழுதும் பாலிகிராஃப் கருவியைக்கூட வைத்துக்கொண்டு நகல் எடுத்தவர். ஆனால் 1782-இல் இறந்த மனைவி மார்த்தாவோடு எழுதிக்கொண்டதில் ஒன்றுகூட இல்லை. அவரே அழித்துவிட்டார் என்றுதான் எல்லோரும் கருதுகிறார்கள்.

முதல் நிதிச் செயலாளர் ஹாமில்டன் வீட்டில், மனைவி எலைசா கணவர் எழுதியதையெல்லாம் காப்பாற்றினார். 1804 ஜூலை 11 துப்பாக்கிச் சண்டைக்கு முன் எழுதி வைத்த விடைபெறும் கடிதமும் அதில் சேர்த்தி. எலைசா கணவருக்கு எழுதியது எதுவும் நமக்கு இல்லை. கணவர் போன பிறகு ஐம்பது வருஷம் இருந்து, அவர் பெயர் நிலைக்கப் பாடுபட்ட பெண்ணின் குரல் நமக்குக் கேட்பதில்லை.

ஆக, யார் மனிதராகத் தெரிகிறார், யார் சிலையாக நிற்கிறார் என்பதை முடிவு செய்தது அந்த வீட்டு அடுப்பு.

தெற்குவாசல்

மலைமேடு சொன்னதில் எனக்கு ஒரு மறுப்பு. எரித்தவர்களை ஏதோ நமக்குத் துரோகம் செய்தவர்கள் மாதிரி பேச வேண்டாம். மார்த்தா வாஷிங்டன் எட்டு ஆண்டு ஜனாதிபதியின் மனைவியாக, அதற்கு முன் தளபதியின் மனைவியாக, ஊர் முன்னால் வாழ்ந்தார். தனக்கென்று ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். அது அவர் உரிமை. அபிகெய்லும்கூடத் தன் கடிதங்களை எரித்துவிடும்படி கேட்டிருக்கிறார்.

செம்பருத்தி

உரிமை இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, தெற்குவாசல். ஆனால் ஜான் கேட்கவில்லையே! 1776 ஜூன் 2 அன்று, இருபது வருஷமாகக் கடிதம் எழுதியும் நகல் வைத்ததில்லை, இப்போது ஒரு பெரிய நோட்டுப் புத்தகம் வாங்கிவிட்டேன் என்கிறார். என் கடிதங்களைவிட உன் கடிதங்கள்தான் பாதுகாக்கத் தகுந்தவை என்று அந்த இடத்தில் எழுதுகிறார். ஏப்ரலில் சிரித்த அதே மனிதர்.

நீங்கள் எழுப்புவது பெரிய கேள்வி. எனக்கு அது 1777 ஜூலைக் கடிதங்களில்தான் வலிக்கிறது. அபிகெய்ல் நிறைமாதம், ஜான் பிலடெல்பியாவில். ஜூலை 9 அன்று எழுதும்போதே, நேற்று ராத்திரி உடம்பு நடுங்கியது, குழந்தை போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது என்கிறார். மறுநாள் வலி எடுத்த பிறகும் எழுதுகிறார். இடையில், தப்பிக்க முடியாததைத் தாங்குவதற்காகப் பேனாவைக் கீழே வைக்கிறேன் என்று ஒரு வரி. அடுத்த வரியில், தாங்கிவிட்டேன், மீண்டும் எடுக்கிறேன். அந்தப் பெண் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது.

ஜானுடைய பதில் ஜூலை 28 தேதி. பார்த்ததும் இல்லை, இனிப் பார்க்கப்போவதும் இல்லை, அப்படிப்பட்ட குழந்தை மேல் எப்படி இவ்வளவு பாசம் வருகிறது என்று கேட்கிறார்.

இதைப் படிக்க நமக்கு என்ன உரிமை என்றால், அவர்களாக நமக்குக் கொடுத்த உரிமை இல்லை. பேரன் சார்ல்ஸ் பிரான்சிஸ் ஆடம்ஸ்தான் 1840-இல் பாட்டியின் கடிதங்களை முதலில் வெளியிட்டார். ஆனாலும் படிக்க வேண்டும் என்பதுதான் என் முடிவு. பிரசவத்தில் பெண்கள் பட்டதை அவர்களே அந்த நிமிஷத்தில் எழுதி வைத்த தாள் அந்தக் காலத்திலிருந்து எத்தனை நமக்குக் கிடைத்துவிடும்?

ஆற்றங்கரை_78

இந்தக் கடைசிப் பதிவைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எதுவும் தோன்றவில்லை. நன்றி, செம்பருத்தி. இவர்கள் பிள்ளைகளுக்கு எழுதியதும் இருக்கிறதா?

இரவல்நூல்

நிறைய. எல்லாமே இனிப்பாக இருக்காது. 1778-இல் பத்து வயது ஜான் குவின்சி அப்பாவோடு கப்பலேறி பிரான்ஸ் போனான். ஜூனில் அம்மாவிடமிருந்து போன கடிதத்தில், நீ ஒழுக்கம் கெட்டவனாக ஆவதைப் பார்ப்பதைவிட, நீ கடந்து போன கடலே உனக்குச் சமாதியாகியிருந்தால் தேவலை என்று வருகிறது. நேசம் இல்லாமல் எழுதியதாக நான் நினைக்கவில்லை, கண்டிப்பான அறநெறியில் வளர்ந்த வீடு. இருந்தாலும் பத்து வயதுப் பையன் அதை எப்படித் தாங்கியிருப்பான்? அவன் ஜனாதிபதி ஆனான். தம்பி சார்ல்ஸ் குடியில் விழுந்தான். 1799 அக்டோபரில் அப்பா அவனைக் கைவிட்டதாக மனைவிக்கே எழுதினார். அடுத்த ஆண்டு நவம்பரில் முப்பது வயதில் செத்துப்போனான்.

ஜெஃபர்சன் வேறு மாதிரி. தாயை இழந்த பதினொரு வயது மகள் பாட்சிக்கு 1783 நவம்பரில் நேர அட்டவணை அனுப்புகிறார். எட்டிலிருந்து பத்து இசை, பத்திலிருந்து ஒன்று ஒருநாள் நடனம் மறுநாள் ஓவியம், மூன்றிலிருந்து நான்கு பிரெஞ்சு, நான்கிலிருந்து ஐந்து மறுபடி இசை, அப்புறம் தூங்கும் வரை ஆங்கிலப் படிப்பும் எழுத்தும். அன்பை அவர் அட்டவணையாகத்தான் சொல்லத் தெரிந்தவர் என்று எனக்குப் படுகிறது.

மலைமேடு

ஜெஃபர்சன் மகள் என்றால் பாலியைச் சொல்லாமல் விடக்கூடாது. 1787 ஜூனில் எட்டு வயதில் லண்டனில் வந்து இறங்கியவளை, கணவர் தூதராக இருந்ததால் அங்கே இருந்த அபிகெய்ல்தான் வரவேற்று வைத்துக்கொண்டார். சில வாரத்தில் பாரிசிலிருந்த அப்பாவிடம் அனுப்பும்போது குழந்தை கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதது.

ஜானும் ஜெஃபர்சனும் மோதிய 1800 ஜனாதிபதித் தேர்தலில் இரண்டு வீடும் முறைத்துக்கொண்டன. 1804 ஏப்ரலில் பாலி, அப்போது இருபத்தைந்து, இறந்துவிட்டாள். மே 20 அன்று அபிகெய்ல் கணவருக்குத் தெரியாமல் ஜெஃபர்சனுக்குத் துக்கக் கடிதம் எழுதினார். கழுத்தைக் கட்டிய அந்தப் பிடி அதில் வருகிறது. கையெழுத்து: 'ஒரு காலத்தில் உங்கள் தோழி என்று கையெழுத்திடுவதில் மகிழ்ந்தவள்'. துக்கத்தின் நடுவிலும் 'ஒரு காலத்தில்' என்பதை விடவில்லை.

ஜெஃபர்சன் பதிலில் பழைய அரசியலைத் தொட்டார். பிடித்துக்கொண்டது. ஜானை ஏசி எழுதிய ஜேம்ஸ் காலண்டர் என்ற பத்திரிகையாளருக்கு நீங்கள் ஏன் பணம் கொடுத்தீர்கள் என்று அபிகெய்ல் நேராகவே கேட்டார். அக்டோபரில் அவரே நிறுத்தினார். நவம்பர் 19 அன்று ஜான், இது முழுவதும் எனக்குத் தெரியாமல் நடந்தது, மனைவி கேட்டதால் நேற்றும் இன்றும் படித்தேன், இப்போது இங்கே சொல்ல எதுவுமில்லை என்று அடியில் எழுதி வைத்தார்.

நெல்லிக்கனி

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். ஒன்று சொல்ல வேண்டும். பாலி லண்டனில் இறங்கியபோது கூடவே பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி இறங்கினாள். ஜெஃபர்சன் வீட்டு அடிமை சாலி ஹெமிங்ஸ். இவளே குழந்தை மாதிரி இருக்கிறாள் என்று அபிகெய்ல் ஜெஃபர்சனுக்கு எழுதினார். பின்னாளில் ஜெஃபர்சனின் பிள்ளைகளைப் பெற்றவள் அவள். அவள் கைப்பட ஒரு வரி இல்லை. 19,000 கடிதங்களுக்கு நடுவே இந்த மௌனத்தையும் நாம் வாசிக்க வேண்டும்.

அடிமைப்பட்டவர்களின் கடிதம் அறவே இல்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். பாப்லர் ஃபாரஸ்ட் என்ற ஜெஃபர்சனின் இன்னொரு தோட்டத்தில் ஹன்னா என்ற அடிமைப் பெண் இருந்தார். 1818 நவம்பர் 15 தேதியிட்டு அவர் ஜெஃபர்சனுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. வீடும் சாமான்களும் பத்திரம், உடம்பு முடியாமல் இந்த முறை உங்களால் வர முடியவில்லை என்று கேட்டு வருத்தம் என்கிறார். பிறகு எஜமானுக்கே கடவுளைப் பற்றிச் சொல்கிறார், அவருக்கு நன்றியோடு கீழ்ப்படிந்து நடக்க வேண்டும் என்று. யாரை யார் அறிவுறுத்துகிறார் பாருங்கள்.

பழுப்புத்தாள்

நெல்லிக்கனி, ஹன்னா கடிதத்தை இங்கே கொண்டுவந்ததற்கு நன்றி. தேதியைக் கவனியுங்கள். அபிகெய்ல் 1818 அக்டோபர் 28 அன்று இறந்தார். ஜெஃபர்சன் அதே நோய்க்காலத்தில், நவம்பர் 13 அன்று, ஜானுக்கு ஆறுதல் எழுதினார். இரண்டே நாள் இடைவெளி. ஒரே மேசையைச் சுற்றி வந்துபோன தாள்கள் இவை, ஆனால் தொகுப்புகளில் வேறு வேறு இடத்தில் கிடப்பதால் சேர்த்துப் பார்க்கத் தோன்றுவதில்லை.

ஆற்றங்கரை_78

அவர்கள் இருவரும் முறைத்துக்கொண்டார்கள் என்றீர்களே, ஆறுதல் எழுதும் அளவுக்கு எப்போது சேர்ந்தார்கள்? அப்புறம், நான் எங்கிருந்து ஆரம்பிப்பது? ஆங்கிலம் ஓரளவு சமாளிப்பேன்.

செம்பருத்தி

சேர்த்துவைத்தவர் டாக்டர் பெஞ்சமின் ரஷ். இரண்டு பேருக்கும் மாறி மாறி எழுதியே கரைத்தார். 1812 ஜனவரி 1 அன்று ஜான் முதல் அடி எடுத்தார். வீட்டில் நெய்த துணி இரண்டு துண்டு அனுப்புகிறேன் என்று எழுதினார். பார்சல் வருவதற்குள் கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஜெஃபர்சன் உண்மையிலேயே துணி என்று நினைத்து, வர்ஜீனியாவில் வீட்டுக்கு வீடு நூற்பதும் நெய்வதும் எப்படி நடக்கிறது என்று விளக்கி ஜனவரி 21 அன்று பதில் போட்டார். வந்தது என்னவென்றால் ஜான் குவின்சியின் சொற்பொழிவுகள், இரண்டு தொகுதி! அதன் பிறகு 1826 வரை 158 கடிதங்கள். அதில் 109 ஜான் எழுதியவை. யார் எத்தனை எழுதினார் என்று அவர் கணக்குப் பார்க்கவே இல்லை, அந்தத் தாராளம் எனக்கு அவரிடம் பிடித்தது.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்றால், அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் 'ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்' தளத்தில் எல்லாமே இலவசம். எழுத்துப்பிழைகளை அப்படியே விட்டிருப்பார்கள், முதல் நாள் கொஞ்சம் சிரமப்படுத்தும், வாய்விட்டுப் படித்தால் பழகிவிடும். 1775 ஜூன் குண்டூசிக் கடிதத்தை எடுத்து, அங்கிருந்து வரிசையாக 1777 ஜூலை வரை இரண்டு பேருடையதையும் மாறி மாறிப் படியுங்கள். தேர்ந்தெடுத்த மேற்கோள் தொகுப்பு எதையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். நெல்லிக்கனி சொன்ன ஹன்னாவின் கடிதமும் அந்தத் தளத்திலேயே கிடைக்கும், ஒரு பக்கம்கூட வராது, அதை இன்றைக்கே படித்துவிடுங்கள்.